ஓய்வுக்குப் பிறகு ஒடுங்கிப்போகும் ஆண்கள்: "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பவருக்கு என்ன செய்வது?

தாழ்வாரம்:

அப்பாவுக்கு வயது 72. ஓய்வு பெற்று 12 வருடம், மனைவி இறந்து ஒன்றரை வருடம். பணக்கஷ்டம் இல்லை. கைகால் நடமாட்டம் நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை. ஆனால் வெளியே போவது அநேகமாக நின்றுவிட்டது. டிவி, கட்டில், மறுபடி டிவி. போனில் ஒரு நிமிடத்துக்கு மேல் பேச்சு நீளாது. கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்". மூத்தோர் சங்கம் ஒன்றில் சேர்த்துவிட்டோம். இரண்டு தடவை போனார், மூன்றாம் தடவை "வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டார். என்ன வேலை என்பது அவருக்கே வெளிச்சம்.

"அன்பாகப் பேசுங்கள், நேரம் ஒதுக்குங்கள்" ரக அறிவுரை வேண்டாம், அது எங்களுக்கும் தெரியும். எதில் தொடங்குவது, எந்த வரிசையில், எது பலிக்காது, ஏன் பலிக்காது? இந்தத் துறையில் பழக்கம் உள்ளவர்கள் சொன்னால் நல்லது.

---

ஊன்றுகோல்:

வரிசை கேட்டதால் முதலில் அளவெடுப்பதிலிருந்து வருகிறேன். இந்த வயது ஆணிடம் "தனிமையா இருக்கா?" என்று நேராகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தச் சொல்லே வராமல் கேட்கும் முறை ஒன்று உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 1978-ல் உருவான அளவுகோல் அது. 20 கேள்வி கொண்டதை 2004-ல் மூன்றாகச் சுருக்கினார்கள். கூட ஆள் இல்லையே என்று எத்தனை அடிக்கடி தோன்றுகிறது, நம்மை விட்டுவிட்டார்கள் என்று எத்தனை அடிக்கடி, எல்லாரிடமிருந்தும் விலகி நிற்பதாக எத்தனை அடிக்கடி. "அநேகமாக இல்லை" என்றால் 1, "சில நேரம்" 2, "அடிக்கடி" 3. கூட்டினால் 3-லிருந்து 9-க்குள் வரும். 6 அல்லது அதற்கு மேல் என்றால் ஆய்வாளர்கள் பொதுவாகத் தனிமையில் இருப்பவர் என்று கணக்கில் எடுப்பார்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். இல்லாவிட்டால் "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கு" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதோடு முடியும். எதிரில் உட்காரவைத்துப் பரீட்சை மாதிரிக் கேட்க வேண்டாம். காரில் போகும்போது, ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துச் சரிசெய்துகொண்டிருக்கும்போது கேட்டால் பதில் வரும்.

அடுத்தது, இது வெறும் தனிமையா, மனச்சோர்வு நோயா என்று பிரிப்பது. முதியோருக்கென்றே உள்ள 15 கேள்வி மனச்சோர்வுத் தாளில் எல்லாமே ஆம் அல்லது இல்லை. 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த எண்ணே நோயை உறுதிசெய்துவிடாது. வயதான ஆண்களிடம் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. எரிச்சல், தீராத உடம்புவலி, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து பிறகு தூக்கமே வராமை, குடி கூடுவது, சாப்பாட்டில் பிடிப்பில்லாமை, இப்படித்தான் வெளியே தெரியும். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தால் (70 கிலோ ஆளுக்கு மூன்றரை கிலோ) காத்திருக்கக் கூடாது. துக்கமும் இல்லை, ஆசையும் இல்லை, எதுவுமே உறைக்கவில்லை என்றால் அது வேறு. ஞாபகமறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சோடியம் நான்கையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால் இரண்டு வாரத்தில் சோடியத்தை மறுபடி பார்க்கக் கேளுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் வகை முதியோருக்குச் சோடியத்தைக் குறைக்கக்கூடும். அப்போது தள்ளாட்டமும் குழப்பமும் வரும். வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள்.

சுற்றி வளைக்காமல் இன்னொன்று. பெரும்பாலான நாடுகளில் தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருப்பது வயதான ஆண்களிடம். "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு, திடீரென்று சொத்துப் பத்திரங்களை ஒழுங்குபடுத்துவது, விரும்பிய பொருளை எடுத்துக் கொடுப்பது, மாத்திரை சேர்த்து வைப்பது தெரிந்தால் "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, ஆயுதம் எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனை.

இனி யாரும் பேசாத விஷயம்: சிறுநீர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை என்றீர்கள். அதில் நீர் பிரிக்கும் மருந்து இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். ஃபியூரோசிமைடு என்றால் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரம் இழுக்கும். காலை 8 மணிக்குப் போட்டவரை 10 மணிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்? கூடவே புராஸ்டேட் வீக்கமும் இருந்தால் சொல்லவே வேண்டாம். "அடக்க முடியல" என்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார், "வேலை இருக்கு" என்பார். போவதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார், அது மயக்கத்தில் கொண்டு விடும். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். போகிற இடத்தில் கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே தெரியட்டும், ஓர நாற்காலி கிடைக்கட்டும்.

---

கேள்செவி:

இரண்டு தடவை போய்விட்டு நின்றார் என்பதைப் படித்ததுமே எனக்கு முதல் சந்தேகம் காது.

வயதால் வரும் கேட்புக் குறைவு உயர்ந்த அதிர்வெண்ணில்தான் தொடங்கும். குரலின் ஓசை நன்றாகக் கேட்கும். ச, த, ப போன்ற அதிராத மெய்கள் மங்கிவிடும். அதனால் "கேக்குது, புரியல" என்பார், அல்லது "இப்பல்லாம் எல்லாரும் முணுமுணுக்குறாங்க" என்று பழியை நம்மேல் போடுவார். எதிரில் ஒருவர் இருந்தால் சமாளித்துவிடுவார். பத்துப் பேர் உள்ள கூடத்தில், மின்விசிறிச் சத்தத்தோடு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் போச்சு. எல்லாரும் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் சிரிப்பது, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்வது, இதெல்லாம் அவமானம். அங்கே மறுபடி போக யாருக்கு மனசு வரும்? போனில் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

காதுக்குறும்பி (காது அழுக்கு) இருக்கிறதா என்று முதலில் பார்க்கவைக்க வேண்டும். பட்ஸ் வைத்துக் குடைந்தால் உள்ளே தள்ளி அடைத்துக்கொள்ளும். மருத்துவர் சொல்லும் சொட்டுமருந்தில் சில நாள் ஊறவைத்து எடுத்தாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும். பிறகு 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை கேட்புப் பரிசோதனை. கூடவே சொற்களைப் புரிந்துகொள்ளும் சோதனையும் கேட்டு வாங்குங்கள். எந்த ஓசை கேட்கிறது என்ற கோட்டுப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் பாதிதான் தெரியும்.

கேட்புக்கருவி வாங்கி மேசை இழுப்பறையில் கிடப்பதற்கு மூன்று காரணம் திரும்பத் திரும்ப வரும். காதுக்குள் சரியாகப் பொருந்தாமல் விசிலடிப்பது. முதல் நாளே சந்தடியான இடத்துக்குப் போட்டுக்கொண்டு போய்த் தலைவலியோடு வருவது. வாங்கியதோடு சரி, ஒலியமைப்பைத் திருத்தத் திரும்பப் போகாதது. பல வருடமாகக் கேட்காத ஓசைகள் ஒரேயடியாக வரும்போது மூளைக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரம் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம். மெதுவாகக் கூட்டி, மூன்றாம் வாரவாக்கில் போய்த் திருத்தம் செய்துகொண்டு, அதன் பிறகே கூட்டம். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 மறதிநோய்க் காரணங்களில் கேட்புக் குறைவும் இருக்கிறது, சமூகத் தனிமையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை.

கருவி வரும்வரை: சுவருக்கு முதுகு கொடுத்து உட்காரவையுங்கள், பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும், ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். கத்தாதீர்கள். கத்தினால் சொல் சிதையும், முகம் கோபமாகத் தெரியும்.

---

பட்டறைக்காரன்:

மேலே ரெண்டு பேர் சொன்னது உடம்பு. நான் கூட்டம் எப்படி நடத்துறதுன்னு சொல்றேன்.

சங்கத்துல என்ன நடக்குது? பிளாஸ்டிக் நாற்காலி வரிசையா போட்டு ஒருத்தர் மைக்கில் பேசுவார். பக்கத்துல இருக்கறவர் பேரு கூடத் தெரியாம வீட்டுக்கு வருவாங்க. அதைவிட மோசம், வட்டமா உட்காரவச்சு "உங்க மனசுல உள்ளதைப் பகிர்ந்துக்கோங்க"ன்னு சொல்றது. இந்த வயசு ஆம்பளைங்க பெரும்பாலும் முகம் பார்த்துப் பேசிப் பழகினவங்க இல்ல. ரெண்டு பேரும் ஒரு வேலையைப் பார்த்துக்கிட்டு, பக்கவாட்டுல நின்னு, நடுநடுவே பேசிப் பழகினவங்க. ஆஸ்திரேலியாவுல 1990-களில் ஆரம்பிச்ச ஆண்கள் பட்டறைகள் இந்த ஒரு விஷயத்தை வச்சுத்தான் ஓடுது. 2007-ல் அங்க தேசிய சங்கமே வந்துடுச்சு. மரவேலை, சைக்கிள் ரிப்பேர், பழைய ரேடியோ. பேச்சு அங்க உபரி.

அளவு: நாலுலேருந்து ஆறு பேர். வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், அதே ஆட்கள். ஒன்றரை மணி நேரம், ரெண்டைத் தாண்ட வேண்டாம். முடியற நேரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். எப்ப கிளம்பலாம்னு தெரியாத இடத்துக்கு யாரும் வரமாட்டாங்க. ஏன் வாராவாரம்? ஜெஃப்ரி ஹால்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 2018-ல் போட்ட ஆய்வுல, தெரிஞ்சவர் சாதாரண நண்பரா மாற சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்கணும், நண்பர்னு சொல்ற அளவுக்கு 90, நெருக்கத்துக்கு 200-க்கு மேலன்னு வந்துச்சு. புது ஊருக்கு மாறினவங்களையும் கல்லூரி முதல் வருஷப் பிள்ளைங்களையும் வச்சு எடுத்த கணக்கு, அதனால பெரியவங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க: மாசம் ஒரு தடவை ரெண்டு மணி நேரம்னா 50-ஐத் தொட ரெண்டு வருஷத்துக்கு மேல. வாராவாரம்னா ஆறு மாசம். மாதாந்திரக் கூட்டங்கள்ல ஏன் ஒண்ணும் ஒட்டலன்னு இப்ப புரியுதா?

கூப்பிடறது மகனோ மகளோ இருக்கக் கூடாது. அவர் வயசையொட்டின இன்னொரு ஆள் கூப்பிடணும், "வாங்க பொழுது போகும்"னு இல்லாம, "ஞாயிறு பத்து மணிக்குக் கதவைக் கழட்டி கீல் மாத்தறோம், பிடிக்க ஒரு ஆள் குறையுது"ன்னு. உதவி வாங்க வர்றதுக்குக் கூச்சப்படறவர் உதவி செய்ய வருவார். முதல் மூணு தடவை யாராவது வீட்டு வாசலுக்கே போய்க் கூட்டிட்டு வரணும். நாலாவது தடவைக்குள்ள ஒரு பொறுப்பைக் கையில குடுத்துடுங்க: சாவி, கருவிக் கணக்கு, பலகை அளவு எடுக்கறது. எதுவா இருந்தாலும், அவர் வரலைன்னா வேலை நிக்கணும். பொம்மைப் பதவி குடுத்தா கண்டுபிடிச்சுடுவாங்க.

கெடுற வழிகள் எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு. பழைய பதவியைக் கழட்டி வைக்காத ஒருத்தர் எல்லாருக்கும் உத்தரவு போட ஆரம்பிப்பார். அவருக்குக் கற்றுக்குடுக்கற வேலையை ஒதுக்கிக் குடுத்து ஒரு மூலையில் நிறுத்துங்க. அரசியல் சண்டை, முதல் நாளே வேண்டாம்னு பேசி வச்சுடணும். எடுத்த வேலை முடிஞ்சதும் குழு கலைஞ்சுடும், அதனால ஒண்ணு முடியறதுக்கு முன்னாடியே அடுத்தது மேசைமேல இருக்கணும். அப்புறம் பேரு. "தனிமை போக்கும் மன்றம்"னு போர்டு மாட்டினா வாசப்படி மிதிக்க ஆள் வராது.

---

மறுபக்கம்:

பட்டறைக்காரன் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் அது ஒரு வகைத் தனிமைக்குத்தான் மருந்து. சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-லேயே இரண்டாகப் பிரித்துவிட்டார்: பழகுவதற்கு ஒரு வட்டம் இல்லாதது ஒன்று, மனசுக்கு நெருங்கிய ஓர் ஆள் இல்லாதது இன்னொன்று. ஒன்று மற்றதை ஈடுகட்டாது. ஓய்வு பெற்றதால் வந்தது முதலாவது, அதற்குப் பட்டறை சரி. மனைவியை இழந்ததால் வந்தது இரண்டாவது. அவரை ஆறு பேர் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால் தனிமை கூடத்தான் செய்யலாம். இங்கே இரண்டும் சேர்ந்திருக்கிறது.

மனைவி இறந்த ஆண்களிடம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்த வீட்டின் உறவு வேலை முழுவதையும் பார்த்தவர் அவர் மனைவியாக இருந்திருப்பார். யாருக்கு எப்போது பிறந்தநாள், யாரை எப்போது விசாரிக்க வேண்டும், எல்லாம் மனைவி தலையிலும் மனைவி போனிலும். உறவுக்காரர்கள் கூப்பிட்டதும் அந்த எண்ணுக்குத்தான். எண் போனதும் உறவும் போய்விடுகிறது. யாரும் ஒதுக்கவில்லை, எந்த எண்ணில் கூப்பிடுவது என்றே பலருக்குத் தெரியாது. ஆகவே அந்த போனை எடுத்து, அடிக்கடி பேசிய பதினைந்து இருபது எண்களை அவர் போனுக்கு மாற்றுங்கள். முக்கியமான தேதிகளை நாட்காட்டியில் பெரிய எழுத்தில் குறித்து, வாரத்துக்கு ஒரு ஆளை அவரே கூப்பிடட்டும். பழைய எண்ணை உடனே ரத்து செய்யாதீர்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் அவருடைய எண்ணை அனுப்பி, "நீங்களும் ஒரு தடவை கூப்பிடுங்க" என்று ஒரு வரி போடுங்கள்.

போன் பேச்சை லேசாக எண்ண வேண்டாம். டெக்சாஸில் வீட்டுக்கு உணவு பெறும் 240 பேரை வைத்து நடத்தி 2021-ல் வெளியான சோதனையில், நிபுணர் அல்லாத, சிறு பயிற்சி பெற்ற ஆட்கள் நான்கு வாரம் கூப்பிட்டுப் பேசினார்கள். முதல் ஐந்து நாள் தினமும், பிறகு அவரவர் விருப்பப்படி. தொடக்கத்தில் ஊன்றுகோல் சொன்ன வகைத் தனிமை மதிப்பெண்ணும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. கூப்பிட்டவர்கள் அறிவுரை சொல்லவில்லை, எதிர்முனையில் இருப்பவர் எதைப் பேச விரும்பினாரோ அதையே தொடர்ந்து கேட்டார்கள். நம் வீட்டுப் போன்களில் நடப்பதோ விசாரணை: சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, பிரஷர் எவ்வளவு. மூன்றுக்கும் "ம்" போதும். அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். பத்து நிமிடம், தினமும் அதே நேரம்.

இன்னொன்று, இது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. 2011-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தனிமையைக் குறைக்க நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழகும் திறன் கற்றுக்கொடுப்பது, ஆதரவு கொடுப்பது, சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்துவது, மற்றவரைப் பற்றிய தவறான கணிப்பை மாற்றுவது என்று நான்கு வழி. அதிகப் பலன் கடைசி வழியில். நீண்டகாலத் தனிமை ஆளைச் சந்தேகப் பிராணியாக்கும்: "அவன் கூப்பிடல, அப்ப என்னை வேண்டாம்." இதற்கு வாதம் செய்து பயனில்லை. ஒரு தாளில், கூப்பிடும் முன்பு "எடுப்பானா, எத்தனை நிமிடம் பேசுவான்" என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் நடந்ததைப் பக்கத்தில் எழுதட்டும். பத்து வரி ஆகும்போது கணிப்பு எவ்வளவு இருட்டாக இருந்தது என்பது அவர் கையெழுத்திலேயே இருக்கும். கணக்கு வழக்கில் பழகிய ஆண்களுக்கு இது ஒத்துவரும்.

---

தாழ்வாரம்:

எல்லாருக்கும் நன்றி. மாத்திரைச் சீட்டையும் காதையும் நாங்கள் யோசிக்கவே இல்லை. இன்னும் சில சந்தேகம். எங்களோடு அழைத்து வைத்துக்கொள்வது சரியா? வாட்ஸ்அப் குழு, நாய் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, பயன் உண்டா? பட்டறைக்காரன் சார், பக்கத்தில் அப்படி எந்தக் குழுவும் இல்லை, என்ன செய்ய?

---

ஊன்றுகோல்:

அழைத்துக்கொள்வது பற்றி: அவசர மருத்துவக் காரணம் இல்லையென்றால் இழப்புக்குப் பின் உடனே வேண்டாம். நாம் பார்க்காத சின்னச் சின்னப் பழக்கங்கள் அவருக்கு அங்கே இருக்கும்: முடிவெட்டுபவர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர். பெயர் கூடத் தெரியாத அந்தத் தலையசைப்புகளுக்கும் கனம் உண்டு. வீட்டை மாற்றினால் அத்தனையும் ஒரே நாளில் போகும், கிடைப்பது வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற ஒரு குடும்பம். பகல் முழுக்க இப்போதைவிடத் தனியாக இருப்பார். கட்டாயம் என்றால் பழைய வீட்டைக் காலி செய்யாமல் நாலு முதல் ஆறு வாரம் இருந்து பார்க்கட்டும், திரும்பும் தேதி தெரிந்திருக்கட்டும். வந்த முதல் வாரத்திலேயே வீட்டுச் சாவி ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். தினமும் அதே நேரத்தில் அவரே போய்வர ஒரு கடை, ஒரு பூங்கா என்று ஏதாவது அமைய வேண்டும்.

நாய் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கயிறு இழுத்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது நடக்கிறது, அவர் மருத்துவமனையில் படுத்தால் நாயை யார் பார்ப்பது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அவருக்கு முன்பே நாய் வளர்த்த பழக்கம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

---

மறுபக்கம்:

வாட்ஸ்அப் குழு நேரில் பார்க்கும் ஆட்களுக்கு நாளும் நேரமும் சொல்ல உதவும், அவ்வளவுதான். காலை வணக்கப் படம் அனுப்புவது பழகுவது ஆகாது. அதோடு, தனியாக இருக்கும் வயதான ஆண்களைக் குறிவைத்து நட்பாகப் பேசிப் பணம் பறிப்பவர்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். "வங்கியிலிருந்து பேசுகிறேன்" ரகத்தைவிட "தெரியாமல் உங்கள் எண்ணுக்கு அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும்" என்று தொடங்கி மாதக்கணக்கில் நலம் விசாரிக்கும் ரகம் ஆபத்து. திட்டினால் மறைப்பார். எந்தத் தொகை ஆனாலும் அனுப்பும் முன் ஒரு நாள் தள்ளிப்போடுவது என்று பொதுவாகப் பேசி வையுங்கள்.

---

பட்டறைக்காரன்:

குழு இல்லைன்னா மூணு பேர் போதும். அவர் கூட வேலை பார்த்தவர்ல ஒருத்தர், தெருவுல ஒருத்தர், அவர். இடம்: வெளிச்சமான வராண்டா, ஒரு மேசை, கையெட்டும் தூரத்துல கழிப்பறை. மூணு பேரும் மேசையோட ஒரே பக்கமா நிக்கற மாதிரி போடுங்க. முதல் வேலை ஒரே நாள்ல முடியறதா இருக்கணும்: ஆடற நாற்காலிக்குக் கால் இறுக்கறது, மிக்ஸி பிளக் மாத்தறது, கத்தி சாணை பிடிக்கறது. மின்சார வேலைன்னா மெயினை அணைச்சுட்டுத்தான், அதுக்கு ஒருத்தர் பொறுப்பு. சதுரங்கம் வேண்டாமான்னு கேப்பீங்க. ரெண்டு பேர் விளையாடினா மூணாவது ஆள் வேடிக்கை பார்ப்பார், அடுத்த வாரம் வரமாட்டார்.

ஒருத்தர் வரலைன்னா மத்த ரெண்டு பேரும் நடத்தியே ஆகணும். ரெண்டு வாரம் சேர்ந்தாப்ல ரத்து ஆச்சுன்னா அது அதோட முடிஞ்சுது. வராதவரை அன்னிக்கே சாயங்காலம் கூப்பிடுங்க, "ஏன் வரல"ன்னு கேட்காதீங்க. "அந்தப் பலகை முக்கால் அங்குலமா, ஒரு அங்குலமா? நீங்க சொன்னாத்தான் அறுக்கணும்"னு கேளுங்க.